கோப்பில் ஏறாத கடைசி வரிகள்

ஆயுத பூஜைக்கு மானிட்டரில் கட்டுவதற்கு ஒவ்வொரு வருஷமும் தாம்பரம் மார்க்கெட்டில் சாமந்தி வாங்கிக்கொண்டு போனது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என்னைப் பற்றி ஆபீஸில் பேசியதைக் கேட்டால், ஏதோ பூஜை நடக்கிற இடத்தில் செருப்புக் காலோடு நுழைந்தவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். சேலையூரில் எங்கள் வீட்டுக்கு எதிரில் சர்ச். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஜெபம், ஆயுத பூஜை அன்று லேபில் சாமந்தி. இரண்டிலும் எனக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. எனக்குத் தகராறெல்லாம் அந்தப் பாழாய்ப்போன புரோகிராமோடுதான்.

வேலை மறைமலை நகரில். கார்களுக்கு ரப்பர் புஷ் செய்கிற தொழிற்சாலை. புஷ் என்றால், வண்டி குலுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளாமல் நடுவில் வைக்கிற ரப்பர் வளையம். எங்கள் டெஸ்ட் லேபில் ஓர் இயந்திரம் அந்த வளையத்தை ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தாங்குகிறது, எவ்வளவு சூடாகிறது என்பதைப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். கார் கம்பெனிக்காரர்கள் வளையத்தைப் பார்க்க மாட்டார்கள், ஃபைலைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கும் அதில் ஓடுகிற புரோகிராமுக்கும் நான் பொறுப்பு. பொறுப்பு மட்டும்தான் என்னுடையது, வேலை கான்ட்ராக்ட். வருஷம் முடிந்ததும் ஒரு நாள் வெளியே அனுப்பி, மறுநாள் புதிதாக எடுத்துக்கொண்டதுபோல உள்ளே கூப்பிடுவார்கள்.

பர்மனென்ட் ஆனவர்களுக்கு மெடிக்கல் கார்டு உண்டு, அதில் அப்பா அம்மா பெயரையும் சேர்க்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டது. எதிரில் இருக்கிற சர்ச்சுக்குப் போவதற்குள் ரோட்டின் நடுவில் நின்றுவிடுவாள். பஸ்காரன் ஹாரன் அடிப்பான், டூவீலர்காரன் திட்டிவிட்டுப் போவான், அவள் அசையாமல் நிற்பாள். ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உன் ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அம்மா கேட்பாள். "பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம். பர்மனென்ட் ஆகிறவர்களுக்கு ஆர்டரை ஆயுத பூஜை அன்றுதான் கொடுப்பார். பொரி, கடலை, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்த தாம்பாளத்தில் ஆர்டரையும் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தன் கையால் நீட்டுவார். அந்த வருஷம் லேப் மேனேஜர் என்னிடம் வந்து, "மேடம், லிஸ்ட்ல உங்க பேர் கன்ஃபர்ம். நல்ல புடவையா கட்டிக்கிட்டு வாங்க" என்றார். வீட்டில் சொன்னதும் அம்மா அங்கேயே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது அந்தப் புரோகிராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் வெளியாள் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அது ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் டிஸ்கில் எழுதாது. பஃபர் என்று நினைவகத்தில் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு, வரிகளை அதில் சேர்த்துக்கொண்டே போகும். நிறைந்த பிறகுதான் மொத்தமாக டிஸ்குக்கு அனுப்பும். வீட்டில் அழுக்குத் துணியை ஒவ்வொன்றாகவா துவைக்கிறோம்? கூடை நிறையட்டும் என்று விடுகிறோம் இல்லையா, அதேதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாப் புரோகிராமும் இப்படித்தான் செய்யும். ஸ்டாப் பட்டனை அழுத்தி முறையாக முடித்தால், கூடையில் மிச்சம் இருப்பதையும் எழுதிவிட்டுத்தான் வெளியே வரும். பாதியில் அடித்து நிறுத்தினாலோ, கரன்ட் போனாலோ, கூடையில் இருந்தது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எங்கள் டெஸ்டில் வரிகள் மெதுவாக, எப்போதோ ஒன்றாகத்தான் வரும். அதனால் கூடை நிறைய வெகுநேரம் ஆகும். போனால் மணிக்கணக்கான வேலை போகும்.

இதைக் கண்டுபிடித்த அன்றே மாற்றி எழுதிவிட்டேன். ஒவ்வொரு வரி வந்ததும் பஃபரைக் காலி செய்து டிஸ்குக்குத் தள்ளு. தள்ளியது உண்மையிலேயே டிஸ்கில் ஏறிவிட்டதா என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு உறுதி செய்துகொள், ஏனென்றால் அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். 'நிறுத்து' என்று எந்தப் பக்கமிருந்து உத்தரவு வந்தாலும் ஃபைலை மூடிவிட்டுத்தான் சாக வேண்டும். மூடச் சொன்னால் மட்டும் போதாது, மூடியாயிற்றா என்று திரும்பக் கேட்க வேண்டும், கடைசி மூச்சில்கூட எழுத முடியாமல் போகலாம். இவ்வளவுதான் விஷயம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு, ஓடும்போதே ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசி வரி வரைக்கும் அப்படியே இருந்தது. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா!

மேனேஜரிடம் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"சூப்பர் மேடம். ஆனா இதைப் போட வேணாம்."

"ஏன் சார்?"

"இப்ப ஓடுற வெர்ஷன் கஸ்டமர் அப்ரூவ் பண்ணது. ஒரு எழுத்து மாத்தினாலும், அப்போ பழைய டெஸ்டெல்லாம் செல்லுமான்னு கேப்பான். நல்லா ஓடிக்கிட்டிருக்கு, எதுக்கு நோண்டணும்? ஸ்டாப் பட்டனை அழுத்தி நிறுத்தினா பிரச்சினை இல்லைன்னு நீங்களே சொல்றீங்களே."

சரி, என்னால் முடிந்தது என்று, எப்படி நிறுத்துவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் அடித்து கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஸ்டாப் அழுத்தவும். 'சேவ் ஆகிவிட்டது' என்று வரும்வரை காத்திருக்கவும். அதன் பிறகே கம்ப்யூட்டரை அணைக்கவும்.

லேபில் என்னோடு வேலை செய்த டெக்னீஷியன் ஒருவன். மேற்குத் தாம்பரத்துக்காரன், என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு, ஆனால் பர்மனென்ட். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். நான் தம்பி என்பேன், அவன் அக்கா என்பான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு கேக்கை வெட்டுகிற முதல் கை அவனுடையதாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் கஸ்டமர் டிராயிங்கைத் தாமதமாக அனுப்பியதால் டெஸ்ட் பூஜை நாள் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. காலையில் இயந்திரம் தன் கடைசி முறுக்கையும் முடித்தது. வளையம் கிழியவில்லை. அது ஆறுகிற வரைக்கும் சூட்டைப் பதிய வேண்டும் என்பதால் புரோகிராமை ஓடவிட்டு, நான் வெளியே பெண்களோடு உட்கார்ந்து பொரி பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை வேறு. திரும்பி லேபுக்குள் வந்தபோது, மேஜைக்கடியில் யூ.பி.எஸ். மட்டும் இருந்தது, அதோடு சேர்ந்த பேட்டரியைக் காணோம்.

"தம்பி, பேட்டரி எங்கே?"

"சாமிகிட்ட கீதுக்கா. டெர்மினல்லாம் தொடைச்சு, தண்ணி ஊத்தி, சந்தனம் பொட்டுல்லாம் வெச்சுட்டேன். பளபளன்னு கீது பாரு."

"அடப்பாவி! டெஸ்ட் ஓடிக்கினு இருக்கும்போதா கழட்டுவே?"

"இன்னாக்கா நீ, கரன்ட்டு கீது இல்ல? யூ.பி.எஸ். ஓடினுதான கீது. பூஜை முட்ச்சதும் மாட்டிர்றேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். கரன்ட் போனால் காப்பாற்ற வேண்டிய பேட்டரி ஸ்பேனர்களுக்கும் ஸ்க்ரூ டிரைவர்களுக்கும் நடுவில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருந்தது. அதைப் போய் எடுத்துவா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முதலாளி, ஐயர், பின்னால் ஒரு கூட்டம் என்று எல்லோரும் லேபுக்குள் வந்துவிட்டார்கள்.

பூஜை நேரத்தில் தொழிற்சாலையில் ஒரு ஃபேன்கூடச் சுற்றக்கூடாது என்பது முதலாளியின் நம்பிக்கை. ஆயுதங்களுக்கு ஓய்வாம். ஒவ்வொரு பிளாக்கிலும் மெயினை இறக்கச் சொல்லி, கற்பூரம் காட்டிவிட்டு அடுத்த பிளாக்குக்குப் போவார். அன்றைக்கு வருவதற்கே நேரமாகிவிட்டது. ராகு காலம் வந்துவிடும் என்று ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மேனேஜரின் கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம். ஸ்டாப் மட்டும் அழுத்திடறேன்."

"நேரமாச்சு மேடம்."

"சார், டேட்டா எல்லாம் மெமரிலதான் இருக்கு. பேட்டரி வேற இல்ல. ஒரே நிமிஷம் சார்."

"மேடம், எல்லாரும் நிக்கிறாங்க பாருங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் போகப் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ, "அவங்களுக்கு வேணாம்னா வெளியில நிக்கச் சொல்லுங்களேன்" என்றார்கள், தணிந்த குரலில், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. எனக்கு வந்ததே கோபம்! சாமந்தி வாங்கிவந்தவள் நான், மானிட்டரில் கட்டியவள் நான். திரும்பிப் பார்த்து, நன்றாகச் சத்தமாகவே கேட்டேன்.

"ஏன், சாமி ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரா?"

இதே வார்த்தையைத் தம்பி சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். முதலாளியும் சேர்ந்து சிரித்திருப்பார். நான் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னச் சிலுவையைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்துத் தலையசைத்தார். மேனேஜர் மெயினை இறக்கினார். திரை இருண்டது. ஐயர் மணி அடித்தார். நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வெளியே பந்தலில் தாம்பாளம் வந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். என் பெயரைக் கூப்பிடவில்லை. பொரி பொட்டலம் மட்டும் எல்லோருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனதும் அம்மா, "எங்கே, காட்டு" என்று கையை நீட்டினாள். "டைப்பிங் மிஸ்டேக்காம், லீவு முடிஞ்சு குடுப்பாங்க" என்று பொய் சொன்னேன்.

லீவு முடிந்து போய் ஃபைலைத் திறந்தேன். நான் பயந்தபடியேதான். டெஸ்டின் கடைசிப் பகுதி மொத்தமும் இல்லை. இருந்ததில் கடைசி வரி ஓர் எண்ணின் நடுவில் அறுந்து நின்றது. முறையாக மூடிய ஃபைல் ஒருநாளும் அப்படிப் பாதி எண்ணில் நிற்காது. பஃபர் நிறைந்தபோது ஒரு மூட்டை டிஸ்குக்குப் போயிருக்கிறது, அடுத்த மூட்டை நிறைவதற்குள் கரன்ட் போயிருக்கிறது. இந்தத் தொழில் தெரிந்த யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். மேனேஜரும் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கஸ்டமர் ஆடிட் வருது மேடம். முதலாளி பூஜைக்கு மெயினை இறக்கச் சொன்னார்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமா?"

"உண்மை அதுதானே சார்."

"உண்மைதான். எழுதினா பேட்டரி ஏன் இல்லைம்பான், ப்ரொசீஜர் எங்கேம்பான், கம்பெனிக்கு வர்ற ஆர்டரே போயிடும். ஆபரேட்டர் சரியா க்ளோஸ் பண்ணலைன்னு போட்டா ஒரே கேள்விதான், ட்ரெய்னிங் கொடுத்தீங்களான்னு. கொடுத்தோம்னு ஒரு போட்டோ காட்டுவோம், முடிஞ்சுது. டெஸ்டை மறுபடி ஓட்டிக்கலாம்."

"ஆபரேட்டர்னா யாரு சார்?"

அவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எழுதின வெர்ஷனைப் போட்டுடலாமே சார். இனிமே யார் மெயினை இறக்கினாலும் ஒண்ணும் ஆகாதே."

"மேடம், ப்ளீஸ். அதைப் பத்தி இப்ப வேணாம். நீங்க இதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா, ஆடிட் முடிஞ்ச உடனே உங்க ஆர்டரை நானே ஹெச்.ஆர்ல நின்னு வாங்கித் தர்றேன். அம்மாவுக்கு ஆபரேஷன் இருக்குன்னு சொன்னீங்க இல்ல?"

மனுஷன் எங்கே அமுக்க வேண்டுமோ அங்கே சரியாக அமுக்கினார். நடு ரோட்டில் ஹாரன் சத்தத்துக்கு அசையாமல் நிற்கிற அம்மாதான் என் கண்ணில் தெரிந்தாள். சரி சார் என்றேன்.

அதற்குள் லேபுக்கு வெளியே வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பூஜை பிடிக்காமல் நான் கோபித்துக்கொண்டு, டெஸ்டை வேண்டுமென்றே நிறுத்தாமல் விட்டுவிட்டுப் போனேனாம். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அக்காகூட, "ஏம்மா, அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டாள். விசாரித்தால் கதை தம்பியிடமிருந்து கிளம்பியிருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"நான் கோவிச்சுக்கினு போனதை நீ பார்த்தியா தம்பி?"

வண்டலூர் தாண்டியதும் முணுமுணுத்தான்.

"நான் இன்னாக்கா பண்றது? எல்லாரும் கேக்குறாங்க. பேட்டரிய எட்த்தது நான்னு தெரிஞ்சா என் கதி?"

"அப்போ என் கதி?"

"உனுக்கு படிப்பு கீதுக்கா. நாவலூர் பக்கம் எங்கனா போய்க்குவ."

நாவலூர்! அங்கே ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்களில் ஏறி இறங்கிப் பார்த்தவள்தான் நான். என் வயதைப் பார்த்ததும் ரிசப்ஷனிலேயே தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். இதெல்லாம் அவனுக்கும் தெரியும், இதே பஸ்ஸில் இதே சீட்டில் உட்கார்ந்து அவனிடம் சொல்லி அழுதிருக்கிறேன். தாம்பரத்தில் இறங்கும்போது வழக்கம்போல என் பையை எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொள்ளாமல் நானே பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

ட்ரெய்னிங்கும் நடந்தது. ஃபைலை எப்படி மூடுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கிற ட்ரெய்னிங். பர்மனென்ட் ஆள்தான் ட்ரெய்னராக இருக்க முடியும் என்பது விதி, மேனேஜரை விட்டால் லேபில் பர்மனென்ட் என்று இருந்தவன் தம்பிதான். சுவரில் நான் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தார்கள். நான் எழுதியதை எனக்கே படித்துக் காட்டினான். ஸ்டாப் அழுத்தவும். 'சேவ் ஆகிவிட்டது' என்று வரும்வரை காத்திருக்கவும். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் தாளை மடித்துவிட்டான்.

"ரெண்டு நிமிஷம் உக்காருக்கா, போட்டோ எடுத்துட்டா முட்ச்சுடும்" என்றான்.

மேனேஜர் மொபைலைத் தூக்கினார். "ஸ்க்ரீனைக் கை காட்டுப்பா. மேடம், நீங்க கவனிக்கிற மாதிரி அவனைப் பாருங்க. கையில ஒரு பேனா வெச்சுக்கோங்க. ஆங், அப்படியே இருங்க."

அப்படியே இருந்தேன். வேலையை விட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம்தான். எழுந்து போனால் அம்மாவின் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது?

ஆடிட்டர் வந்தார். போட்டோவைப் பார்த்தார், குட் என்றார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அறுந்து நின்ற அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மறுபடி ஓட்டிய டெஸ்ட் பாஸ், கம்பெனிக்குப் பெரிய ஆர்டர், கேன்டீனில் எல்லோருக்கும் குலாப் ஜாமுன். அந்தப் புரோகிராம் பழையபடியே வரிகளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிய வெர்ஷன் என் டேபிள் டிராயரில் ஒரு பென் டிரைவில் கிடந்தது.

ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். அம்மாவின் ஆதார் நகல், எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் வைத்துக் கொண்டுபோனேன். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், மரியாதையான பெண். என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரி மேடம். இந்த வாட்டி உங்களைப் பர்மனென்ட்டுக்கு எடுக்க முடியலை."

"மேனேஜர் பேசறேன்னு சொன்னாரேம்மா?"

"பேசினார் மேடம். பட், ரெக்கார்டுல உங்க பேர்ல ஒரு மேஜர் எரர் இருக்கு. அதுக்கு ரீ-ட்ரெய்னிங் கொடுத்ததா இருக்கு. அப்படி இருந்தா கன்சிடர் பண்ணக்கூடாதுன்னு பாலிசி."

"அது நான் பண்ணின தப்பு இல்லம்மா. ஆடிட்டுக்காகப் போட்டது. அவரையே கேட்டுப் பாருங்க."

பாவம், அவள் உடனே போன் போட்டாள், எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். மேனேஜர் முழுவதும் கேட்டுக்கொண்டார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும், "ரெக்கார்டுல என்ன இருக்கோ அதும்படி செய்யுங்கம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன்" என்றார்.

அந்தப் பெண் போனை வைத்துவிட்டு, மானிட்டரை மெதுவாக என் பக்கம் திருப்பினாள். போட்டோவில் தம்பி திரையைக் கை காட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒருத்தி கையில் பேனாவோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முதல் நாள் வகுப்புக்கு வந்தவள்போல அத்தனை கவனமாக.

"இது நீங்கதானே மேடம்?"

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.